பள்ளிக் குப்பைக்குழி நாறுகிறது, நட்ட கன்றும் நிற்கவில்லை. பிள்ளைகளை வைத்து என்ன செய்யலாம்?

முதுகுளத்தூர்ப் பக்க ஆசிரியை:
வணக்கம். ராமநாதபுரம் மாவட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். பசுமைப் படைப் பொறுப்பும் என்னிடம்தான். ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்தை ஒட்டி வருஷாவருஷம் கன்று நடுகிறோம். போன வருஷம் நட்டது 20, இன்று நிற்பது 3. வெயில் கொன்றது பாதி, ஆடு தின்றது பாதி. சத்துணவில் மிஞ்சுவதைப் போட ஒரு குழியும் வெட்டினோம். இரண்டே வாரத்தில் ஈயும் நாற்றமும் தாங்காமல் சமையல் அக்கா மூடச் சொல்லிவிட்டார். பிள்ளைகள் நான் சொன்னதையெல்லாம் செய்கிறார்கள். அவர்களாக யோசிக்க நான் இடமே கொடுக்கவில்லையோ என்பதுதான் மனசை உறுத்துகிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மாடித்தோட்டக்காரர்:
டீச்சர், வெறும் சோறும் சாம்பாரும் கொட்டினால் காற்றுப் புகாமல் அழுகத்தான் செய்யும். ஒரு பங்கு மிச்சத்துக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த சருகு வேண்டும். உதிரும் வேப்பஞ்சருகை எரிக்க விடாமல் சாக்கில் அள்ளி வையுங்கள். சாப்பாடு விழுந்த கையோடு மேலே சருகு, கொஞ்சம் மண். வாரம் ஒருமுறை கிளற வேண்டும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் தெரியலாம், தண்ணீர் சொட்டக் கூடாது. சொட்டினால் இன்னும் சருகு. முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுங்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
அம்மா, குழிக்கு முன்னால் தட்டைப் பாருங்கள். எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு பழைய தொங்கு தராசு கொண்டுவந்து, மிஞ்சும் சோற்றைத் தினமும் நிறுத்துக் கரும்பலகை ஓரத்தில் எழுதினார்கள். முதல் வாரம் ஒரு நாளும் 6 கிலோவுக்குக் குறையவில்லை. நானே மிரண்டு போனேன். ஒரு பெண் சொன்னாள்: "சார், ஒண்ணாம் வகுப்புக்கும் எங்களுக்கும் ஒரே கரண்டி." அத்தனை வருஷம் அந்தக் கூடத்தில் நின்றும் என் கண்ணில் அது படவில்லை. அப்புறம் சிறுவர்களுக்கு முதலில் பாதிக் கரண்டி, கேட்டால் மறுபடி என்று ஆக்கினோம். ஒரு குழந்தையின் வயிறும் காயக் கூடாது, அதில் மட்டும் கண்டிப்பாக இருந்தேன். மாசக் கடைசியில் 2 கிலோவுக்கு வந்தது.

கன்று விஷயம்: உங்கள் பக்கம் மழை ஐப்பசியில்தானே? ஜூனில் நட்டால் எப்படிப் பிழைக்கும்? இப்போது வேப்பம்பழம் உதிரும் நேரம். பொறுக்கி, சதையைக் கழுவி, பால் கவரில் அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி உடனே ஊன்றச் சொல்லுங்கள். வேப்பங்கொட்டையை ரொம்ப நாள் வைத்திருந்தால் முளைக்காது. மழை தொடங்கியதும் நடலாம். ஆட்டுக்குச் சீமைக்கருவேல முள்ளை வெட்டிச் சுற்றி நட்டால் போதும். முள்ளைப் பெரியவர்கள் வெட்டட்டும்.

முதுகுளத்தூர்ப் பக்க ஆசிரியை:
ஐயா, எட்டு வாரம் கழித்து எழுதுகிறேன். தராசை மட்டும் கொடுத்துவிட்டு நான் ஒதுங்கிக்கொண்டேன். எங்கள் பிள்ளைகள் கண்டுபிடித்தது வேறு. கடைசி வரிசை உட்காரும்போது மணி அடிக்கப் பத்து நிமிஷம்தான் இருக்கிறது. பாதித் தட்டோடு எழுந்து ஓடுகிறார்கள். அந்த வரிசை முழுக்கச் சின்னப் பிள்ளைகள். அவர்களை முதலில் உட்கார வைக்கலாம் என்று எட்டாம் வகுப்பே தலைமையாசிரியரிடம் போய்க் கேட்டது. அவரும் சரி என்றுவிட்டார். மிச்சம் இப்போது ஒரு வாளிகூட நிறைவதில்லை.

குழியில் நாற்றம் இல்லை. போன வெள்ளிக்கிழமை கிளறியபோது ஆவி வந்தது. கையை வைத்துப் பார்த்த பையன், "டீச்சர், குப்பைக்குக் காய்ச்சல் அடிக்குது" என்று கத்த, வகுப்பே ஓடிவந்து தொட்டுப் பார்த்தது. நுண்ணுயிர் பாடத்தை அங்கேயே நின்று நடத்தினேன். சமையல் அக்காவும் முட்டை ஓட்டைத் தனியாக எடுத்துக் கொடுக்கிறார்.

60 பால் கவரில் 41 முளைத்திருக்கின்றன. மழைக்கு நட்ட பிறகு வரும் மே விடுமுறைக்கு, பள்ளிக்கு எதிர்வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் தண்ணீர்ப் பொறுப்பு எடுத்திருக்கிறார்கள். கன்றுக்குப் பக்கத்தில் பானை புதைத்து, அடியில் துளையிட்டுத் திரி வைக்கலாம் என்று நினைக்கிறோம். நம் ஊர் மே வெயிலுக்கு அதை எத்தனை நாளுக்கு ஒருமுறை நிரப்ப வேண்டியிருக்கும்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.