அவரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டீர்கள்?

தொடங்கியவர்:

எல்லாருக்கும் வணக்கம். பிடித்த பெண் ஆளுமை யார் என்று கேட்டால் ஆளுக்குப் பத்துப் பெயர் சொல்லிவிடுவோம். நான் கேட்க வந்தது வேறு. ஒரு பெண்ணை நேரில் பார்த்தோ, அவரைப் பற்றிப் படித்தோ, அவருடைய பழக்கம் ஒன்று உங்கள் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறதா? என்னுடையதை முதலில் சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். அறிக்கைகளில் வரும் எண்களைச் சரிபார்க்கிற பிரிவு. எங்கள் பிரிவுத் தலைவிக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது, அதிகம் பேச மாட்டார். கணினி கூட்டிக் கொடுத்த அட்டவணையை அச்செடுத்து வைத்துக்கொண்டு, பென்சிலோடு உட்காருவார். ஒவ்வொரு எண்ணின் தலைமேலும் சின்னதாக ஒரு புள்ளி. பார்த்தாகிவிட்டது என்று அர்த்தம். புள்ளி விழாத எண் அவர் மேஜையைத் தாண்டாது. கணினி போட்ட கணக்கை மறுபடி எதற்குப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். வாயைத் திறந்து கேட்டதில்லை.

அவர் விடுப்பில் இருந்த ஒரு நாள், அவசரம் என்று ஒரு அட்டவணையைப் புள்ளி வைக்காமல் அனுப்பிவிட்டேன். அதில் இரண்டு வரிசைகள் இடம் மாறியிருந்தன. மறுநாள் கூட்டத்தில் மேலதிகாரி அந்தத் தாளைத் தூக்கிப் பிடித்து, "இதைச் செய்தது யார்?" என்றார். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மேடம் எழுந்தார். "என் பிரிவிலிருந்து வந்தது சார். பொறுப்பு என்னுடையது. சாயங்காலத்துக்குள் திருத்திக் கொடுத்துவிடுகிறேன்" என்றார். வெளியே வந்ததும் நன்றாகத் திட்டு விழும் என்று காத்திருந்தேன். அவர் தன் பென்சில்களில் ஒன்றை என்னிடம் நீட்டி, "முதல் வரியிலிருந்து வா" என்றார். அவர் படிக்கப் படிக்க நான் புள்ளி வைத்தேன். நாற்பது வரிகள். முடிந்ததும், "சரி, அனுப்பிவிடு" என்றார். அதற்குப் பிறகு அந்தத் தவறைப் பற்றி அவர் ஒரு நாளும் பேசவில்லை.

கேத்தரின் ஜான்சனைப் பற்றி நான் படித்தது பல வருடங்களுக்குப் பிறகு. பின்னாளில் நாசாவான அமைப்பில் 1953இல் வேலைக்குச் சேர்ந்தவர். சேர்ந்த இடம், கறுப்பினப் பெண்களுக்கென்று தனியாக ஒதுக்கி வைத்திருந்த கணக்கீட்டுப் பிரிவு. 1962இல் ஜான் கிளென் விண்கலத்தில் பூமியைச் சுற்றிவரப் புறப்பட வேண்டும். பாதையைக் கணினி போட்டுக் கொடுத்துவிட்டது. கிளெனுக்கு மனது ஒப்பவில்லை. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு எண்களைச் சரிபார்க்கச் சொல்லுங்கள், அவர் சரி என்று சொன்னால் நான் தயார் என்றாராம். கணினி போட்ட அதே சமன்பாடுகளை ஜான்சன் மேஜைக் கணக்குப்பொறியை வைத்துக்கொண்டு தன் கையால் போட்டுப் பார்த்தார். ஒரு மனிதனின் உயிர் அந்த எண்களில் இருந்தது. அதைப் படித்தபோது எனக்கு மேடத்தின் பென்சில்தான் கண்முன் வந்தது. எங்கள் அட்டவணையால் யாரும் சாகப் போவதில்லை. ஆனாலும் அவர் அதே கவனத்தோடுதான் உட்கார்ந்தார்.

இன்றைக்கும் நான் புள்ளி வைக்கிறேன். என் பிரிவில் தவறு நடந்தால் முதலில் எழுந்திருப்பதற்கும் பழகிக்கொண்டேன். அது அவ்வளவு சுலபமாக வரவில்லை. இப்போது நீங்கள் சொல்லுங்கள்.

ஓட்டக்காரி:

நல்ல கேள்வி. எனக்கு இரண்டு பேர்.

ஓட ஆரம்பித்த புதிதில், விடிவதற்கு முன்னால் போய் வெளிச்சம் வருவதற்குள் திரும்பிவிடுவேன். யாரும் பார்த்துவிடக் கூடாது. அப்படி ஒருநாள் எதிரே ஓர் அம்மா ஓடிவந்தார். அறுபது இருக்கும். வேகம் இல்லை, ஆனால் நிற்கவும் இல்லை. என்னைத் தாண்டும்போது கையை லேசாக உயர்த்தினார். மறுநாளும் அப்படித்தான். ஒரு மாதம் கழித்து அவரோடு சேர்ந்து ஓடினேன். வழியில் நின்ற சிலர் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். எனக்குக் கால் தானாக மெதுவானது. அம்மா என் பக்கம் திரும்பாமலே, "வேகத்தைக் குறைக்காதே, மூச்சு கலைந்துவிடும்" என்றார். சிரித்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மூச்சைப் பற்றி மட்டும்தான் சொன்னார்.

இன்னொருவர் கேத்ரீன் ஸ்விட்சர். 1967, பாஸ்டன் மாரத்தான். பெண்களால் அவ்வளவு தூரம் ஓட முடியாது என்று நம்பிய காலம். முந்தைய ஆண்டு பாபி கிப் என்ற பெண் எண் அட்டை இல்லாமலே அந்தத் தூரத்தை ஓடி முடித்திருந்தார். ஸ்விட்சர் 'கே. வி. ஸ்விட்சர்' என்று முதலெழுத்துகளோடு பதிவு செய்து முறைப்படி 261ஆம் எண் அட்டையை வாங்கிவிட்டார். அப்போது அவருக்கு 20 வயது. பாதி வழியில்கூட இல்லை, தொடக்கத்திலேயே போட்டி அதிகாரி ஒருவர் பின்னால் ஓடிவந்து அவரைப் பிடித்து அந்த அட்டையைப் பிய்க்கப் பார்த்தார். அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். படத்தில் இல்லாதது அதற்குப் பிறகு அவர் ஓடிய மீதி மைல்கள். பயமும் அவமானமும் சேர்ந்திருந்தன, அழுகை வேறு. நான் இப்போது விலகினால் பெண்களால் முடியாது என்று எல்லாரும் சொல்வார்கள் என்று, தேவைப்பட்டால் தவழ்ந்தாவது முடிப்பேன் என்றுதான் ஓடியிருக்கிறார். முடித்தார். பெண்களை அந்தப் போட்டியில் அதிகாரப்பூர்வமாகச் சேர்த்துக்கொள்ள 1972 ஆகிவிட்டது. 2017இல் 70 வயதில் அதே 261 எண்ணோடு அதே போட்டியில் மறுபடி ஓடினார்.

நான் எடுத்துக்கொண்டது மூச்சைப் பார்ப்பது. இப்போது வெளிச்சத்தில்தான் ஓடுகிறேன்.

ஆய்வு மாணவி:

நான் கொஞ்சம் மாறுபட்டுச் சொல்லப் போகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு மேரி கியூரி என்றால் உயிர். 1903இல் இயற்பியல் நோபல், 1911இல் வேதியியல் நோபல். பல டன் கனிமத்தைக் காய்ச்சிக் கிளறி ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடியம் குளோரைடைப் பிரித்தெடுத்தவர். அவருடைய குறிப்பேடுகளில் கதிரியக்கம் இன்னும் அடங்கவில்லை, ஈயம் பதித்த பெட்டிகளில் வைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் படித்துவிட்டு, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஆய்வுக்கட்டுரையும் எழுத முடியாமல் நான் தவித்த நாட்களில், "அவரால் முடிந்தது, உன்னால் ஏன் முடியவில்லை?" என்று என்னையே அடித்துக்கொண்டேன்.

என் ஆய்வு வழிகாட்டியும் ஒரு பெண்தான். ஒருநாள் அவர் அறையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவர் சொன்னது: "மேரி கியூரி வீட்டில் குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று படித்தாயா?" படிக்கவில்லை. மூத்த மகள் ஐரீன் பிறந்த சமயத்தில் மேரியின் கணவர் பியரின் அப்பா யூஜீன் கியூரி அவர்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். பியர் 1906இல் விபத்தில் இறந்த பிறகும், 1910இல் தான் இறக்கும்வரை, பேத்திகளைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். அவர் ஒரு மருத்துவர். அந்தத் தாத்தா மட்டும் இல்லையென்றால்?

வழிகாட்டி அதோடு விடவில்லை. தன் பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது யார் யார் வந்து உதவினார்கள் என்று விரல் விட்டு எண்ணிச் சொன்னார். அவர் அம்மா, பக்கத்து வீட்டுக்காரர், மூன்று வருடம் வேலையை மாற்றிக்கொண்ட கணவர். "இதை மேடையில் யாரும் கேட்பதில்லை, அதனால் நானும் சொன்னதில்லை. இனிமேல் சொல்கிறேன்" என்றார். உதவி கேட்பதை நான் அவரிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். கட்டுரையின் நன்றியுரையில் குழந்தையைப் பார்த்துக்கொண்ட ஐந்து பேரின் பெயர்களை எழுதியிருக்கிறேன். தயவுசெய்து, யாரையாவது முன்மாதிரியாகக் காட்டும்போது அவர் பின்னால் நின்றவர்களையும் சேர்த்துக் காட்டுங்கள்.

தொடங்கியவர்:

தவறாக எடுத்துக்கொள்ள இதில் ஒன்றுமே இல்லை தோழி. யூஜீன் கியூரி பற்றி எனக்கு இன்றுதான் தெரியும்.

இரவுப்பணி:

நான் செவிலியர். பணி முடிந்து வந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வார்டின் தலைமைச் செவிலியர் ஒரு நோயாளியிடம் பேசப் போனால் முதலில் நாற்காலியைத் தேடுவார். கிடைக்கவில்லை என்றால் பக்கத்துப் படுக்கையிலிருந்து கேட்டு வாங்கிக்கொண்டு வந்து போடுவார். உட்கார்ந்த பிறகுதான் முதல் வார்த்தை. நின்றுகொண்டு பேசினால் 'இவர் கிளம்பப் போகிறார்' என்று படுத்திருப்பவருக்குத் தெரிந்துவிடும், கேட்க வந்ததைக் கேட்க மாட்டார் என்பார். இரண்டு நிமிடம்தான் உட்காருவார். கடிகாரத்தைப் பார்க்க மாட்டார்.

ஒரு ராத்திரி. இனி சிகிச்சை பலிக்காது என்று தெரிந்துவிட்ட ஒரு தாத்தா. மருந்து கொடுத்துவிட்டு நகரப் பார்த்தேன், சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லையே என்ற பயம்தான் காரணம். அப்புறம் நாற்காலி நினைவு வந்தது. இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் கொஞ்ச நேரம் கழித்து, "கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை, ரெண்டு நாளாக" என்றார். தலையணைக்கும் கட்டில் கம்பிக்கும் நடுவில் சிக்கியிருந்தது. எடுத்துத் துடைத்து மாட்டிவிட்டேன். ரெண்டு நாளாக அத்தனை பேர் வந்து போயிருக்கிறோம், யாரும் உட்காரவில்லை.

சிசிலி சாண்டர்ஸின் கதையைப் படிக்கச் சொன்னதும் எங்கள் தலைமைச் செவிலியர்தான். சாண்டர்ஸ் செவிலியராகத் தொடங்கினார், முதுகுவலியால் அந்த வேலையைத் தொடர முடியாமல் மருத்துவமனைச் சமூகப் பணிக்கு மாறினார். அங்கே, இறந்துகொண்டிருந்த டேவிட் டாஸ்மா என்ற நோயாளியோடு மணிக்கணக்கில் பேசியிருக்கிறார். 1948இல் அவர் இறக்கும்போது தன் பணத்தில் 500 பவுண்டை சாண்டர்ஸ் பெயருக்கு வைத்துவிட்டு, "உங்கள் வீட்டில் நான் ஒரு ஜன்னலாக இருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். வீடு என்று அப்போது ஒன்றும் கிடையாது. இறப்பவர்களை மருத்துவர்கள் கைவிட்டுவிடுகிறார்கள், மாற்ற வேண்டும் என்றால் நீங்களே மருத்துவம் படியுங்கள் என்று ஓர் அறுவை மருத்துவர் சொல்ல, படித்து 1957இல் மருத்துவரானார். இறக்கும் நிலையில் இருப்பவர்களுக்காக அவர் தொடங்கிய புனித கிறிஸ்டோபர் இல்லம் 1967இல்தான் திறந்தது. ஒரு ஜன்னலைச் சுற்றி வீடு கட்ட 19 வருடங்கள். உடல் வலி, மன வலி, உறவுகளைப் பற்றிய கவலை, கடவுளோடு உள்ள கணக்கு எல்லாம் சேர்ந்துதான் ஒருவருடைய வலி என்று சொன்னவர் அவர். எங்கள் வேலையில் அது ஒவ்வொரு ராத்திரியும் கண்ணெதிரே தெரிகிறது.

மூத்தவள்:

எனக்கு முத்துலட்சுமி ரெட்டி. 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றவர். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். புற்றுநோய் நிலையத்தை 1954இல் திறந்தபோது அவருக்கு வயது 67. எனக்கு இப்போது 66. படிப்பை மறுபடி தொடங்கலாமா என்று போன மாதம் வரை யோசித்துக்கொண்டிருந்தேன். பணம் கட்டிவிட்டேன்.

ஒரு மகளின் அப்பா:

ஆண்கள் எழுதலாம்தானே? எனக்கும் சொல்ல ஒருவர் இருக்கிறார்.

என் மகள் பள்ளியில் பேசுவதற்காக ஜுன்கோ தபேயைப் பற்றித் தயார் செய்தாள். 1975 மே 16 அன்று எவரெஸ்ட் உச்சியில் நின்ற முதல் பெண். அதற்கு 12 நாட்களுக்கு முன்னால் பனிச்சரிவு கூடாரத்தின் மேல் விழுந்து, உள்ளே புதைந்து நினைவிழந்தவர். எல்லாம் எழுதிவிட்டாள். எனக்குப் பிடித்தது வேறு விஷயம். அவர் போனது பெண்கள் மட்டுமே இருந்த குழுவில். பயணத்துக்குப் பண உதவி கேட்டுப் போன இடத்தில், பிள்ளை வளர்க்க வேண்டிய வயதில் மலை எதற்கு என்றார்களாம். பணம் போதாமல் அந்தப் பெண்கள் பழைய கார் இருக்கை உறைகளை வெட்டித் தண்ணீர் புகாத பைகளும் கையுறைகளும் தைத்தார்கள். இறகு வாங்கித் தூங்கும் பையும் தாங்களே தைத்துக்கொண்டார்கள். அந்தத் தையலை நான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். உச்சியில் விரல் உறையாமல் காப்பாற்றியது அந்தத் தையல்தானே.

என் அம்மாவும் தைப்பார். என் பள்ளிப் பையின் பட்டை அறுந்தபோது பழைய துணியை நான்காக மடித்து, ஊசி உள்ளே போகாமல் விரல் சிவக்கச் சிவக்கக் குத்தித் தைத்துக் கொடுத்தார். அந்தப் பட்டை கடைசிவரை அறவில்லை. நான் அதைப் பெரிதாக எண்ணியதே இல்லை. மகள் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது தொலைபேசியில் அம்மாவைக் கூப்பிட்டு இதைச் சொன்னேன். "அந்தப் பை இன்னும் இருக்கா?" என்றுதான் கேட்டார்.

தபே தன்னை எவரெஸ்டில் ஏறிய 36வது ஆள் என்று சொல்லிக்கொள்ளவே விரும்பினாராம். பேச்சில் அதைத்தான் கடைசி வரியாக வைக்கப் போகிறேன் என்கிறாள் மகள். நான் ஒன்றும் திருத்தவில்லை.

தொடங்கியவர்:

இரவுப்பணி சிஸ்டர், அந்தக் கண்ணாடியை நான் மறக்க மாட்டேன். மூத்தவள் அம்மா, முதல் வகுப்பு முடிந்ததும் வந்து எழுதுங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு நேற்று மேடத்துக்கு அழைத்தேன். ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. அந்தக் கூட்டத்தைப் பற்றியும், அவர் எழுந்து நின்றதைப் பற்றியும், நான் இன்னும் புள்ளி வைப்பதைப் பற்றியும் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்குக் குரல் அடைத்துவிட்டது. அவருக்கு அப்படி ஒரு நாள் நடந்ததாகவே நினைவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "கடைசியில் கூட்டுத்தொகை சரியாக வந்ததா?"

வந்தது மேடம் என்றேன்.