டயாலிசிஸ் கிடையாது என்று சொன்ன டாக்டர்

சாட்ஸ்வர்த் மகள்:

போன வாரம் இந்தக் குழுவில் டாக்டர்களைப் பற்றி நிறையப் பேர் வயிறெரிந்து எழுதியிருந்தீர்கள். அதில் எதையும் நான் மறுக்க வரவில்லை. எங்களுக்கு "முடியாது" என்று சொன்ன ஒரு டாக்டரைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக மனசில் இருக்கிறது.

அப்பாவுக்கு இருபது வருஷத்துக்கு மேலாகச் சர்க்கரை. கடைசியில் இரண்டு கிட்னியும் போய்விட்டது. இங்கே தென்னாப்பிரிக்காவில் அரசு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மெஷின் (கிட்னிக்குப் பதிலாக ரத்தத்தைச் சுத்தம் செய்வது) எல்லாருக்கும் கிடைக்காது என்பது டர்பன்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மாற்று கிட்னி வைக்கத் தகுதி உள்ளவர்களுக்குத்தான் நிரந்தர டயாலிசிஸ். அப்பாவுக்கு இதயமும் பழுது. கமிட்டி கூடி, இல்லை என்று முடிவு பண்ணிவிட்டார்கள்.

அதை முதலில் சொன்ன டாக்டர் வார்டு வாசலில் நின்றபடி, ஃபைலைப் புரட்டிக்கொண்டே சொன்னார். "இவர் பட்டியலில் வரமாட்டார்." அவ்வளவுதான். அப்பா "தேங்க் யூ டாக்டர்" என்றார். அந்த நன்றிதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

இரண்டு நாள் கழித்து ஒரு சூலு டாக்டரம்மா வந்தார். சின்ன வயசு. நாற்காலியை இழுத்துப் போட்டு அப்பா முகத்துக்கு நேராக உட்கார்ந்து "சாவுபோனா, பாபா" என்றார். சூலு மொழியில் "வணக்கம், ஐயா" என்று அர்த்தம். முதல் கேள்வியே, "உங்க உடம்புக்கு என்ன ஆகுதுன்னு நீங்க நினைக்கிறீங்க?"

அப்பா சொன்னார்: "கிட்னி செத்துப்போச்சு. நானும் பின்னாலயே போறேன். எனக்குத் தெரியக் கூடாதுன்னு இவன் பாக்குறான்." அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அதுவரை எங்கள் வீட்டில் அப்பா காதுக்கு எட்டாமல்தான் எல்லாப் பேச்சும். அவர் எங்களுக்காகத் தெரியாத மாதிரி இருந்திருக்கிறார்.

அப்புறம் என்ன வேலை பார்த்தீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். ஷூ ஃபேக்டரியில் தோல் வெட்டும் கட்டர் என்றதும் தன் காலைக் கொஞ்சம் நீட்டிக் காட்டினார். அப்பா கட்டிலிலிருந்து குனிந்து பார்த்து, "அடி ஒட்டினது, தைக்கல. மழைக்கு வாய் பொளந்துடும்" என்றார். மாசக்கணக்கில் அந்தக் குரலை நாங்கள் கேட்டிருக்கவில்லை. வேலை தெரிந்தவன் குரல்.

அதற்கப்புறம்தான் அப்பா அதைக் கேட்டார்: "நான் வேண்டாத ஆளாயிட்டேனா, டாக்டர்?" அவர் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, "இல்லை, பாபா. மெஷின் பத்தலை. அது உங்க குத்தமில்லை" என்றார். மூடி மறைக்காமல் மற்றதையும் சொன்னார். கால் வீங்கும், அரிப்பு வரும், மூச்சு வாங்கும், கடைசியில் தூக்கம் அதிகமாகும். ஒவ்வொன்றுக்கும் என்ன மருந்து, வலிக்கு மார்ஃபினை வழக்கமான அளவில் ஏன் கொடுக்க முடியாது (கிட்னி கழிக்காததால் அது உடம்பிலேயே தேங்கிவிடும்), பொட்டாசியம் ஏறினால் இதயத்துக்கு ஆபத்து என்பதால் வாழைப்பழம், தக்காளி, இளநீரை ஏன் குறைக்க வேண்டும், எல்லாம். உங்களுக்கு என்ன செய்யணும்னு ஆசை என்று கடைசியில் கேட்டார். புனித வெள்ளி அன்றைக்கு இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் போகணும், வீட்டில் சாகணும் என்றார் அப்பா. அரிப்புக்கும் மூச்சுக்கும் மருந்தை அந்த நாளுக்குத் தோதாக மாற்றிக் கொடுத்தார். வீல்சேரில் கூட்டிப்போனோம். வீட்டுக்கு ஹாஸ்பிஸ் (கடைசிக் காலத்தில் வலி தணித்துப் பராமரிக்கும் அமைப்பு) சிஸ்டர் வந்து பார்த்தார். அப்பா ஆசைப்பட்டபடி வீட்டிலேயே, எங்கள் எல்லாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்.

இந்த மாதிரி உட்கார்ந்து பேசினவர்கள் உங்களுக்கு வாய்த்திருந்தால் எழுதுங்கள்.

மெரிபேங்க் சிஸ்டர் (ஓய்வு):

உன் அப்பாவைப் பற்றிப் படித்ததும் எனக்கு 1997 ஞாபகம் வந்துவிட்டது, மா. தியாகராஜ் சூப்ரமோனி வழக்கு. நம்ம டர்பன் ஆள், வயசு 41. சர்க்கரை, இதய நோய், பக்கவாதம், அதோடு கிட்னியும் போச்சு. கையிலிருந்த பணம் தீரும்வரை தனியாரிடம் டயாலிசிஸ் செய்துகொண்டார். அப்புறம் அடிங்டன் ஆஸ்பத்திரியில் கேட்டார். விதிப்படி இல்லை என்றார்கள். வழக்கு அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனது. அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது என்று சாசனத்தில் இருக்கிறது. ஆனால் தீராத கிட்னி நோய்க்குத் தொடர்ந்து செய்யும் டயாலிசிஸ் அந்த "அவசர"த்தில் சேராது என்று நவம்பர் 27 அன்று தள்ளுபடி செய்தார்கள். அந்தக் குடும்பத்தின் நிலைமைக்கு இரங்காமல் இருக்க முடியாது என்று நீதிபதி சாஸ்கல்சன் தீர்ப்பிலேயே எழுதினார். சில நாளில் சூப்ரமோனி இறந்துபோனார். நாங்கள் நர்ஸுகள் டீ ரூமில் ரேடியோவை வைத்துக் கேட்டோம். சிலர் அழுதார்கள். மெஷின் எத்தனை இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும், அதனால் யாரையும் திட்டவும் வாய் வரவில்லை.

எச்ஐவி மருந்து 2004-ல் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு வரத் தொடங்கும் முன்னால் வார்டு எப்படி இருந்தது என்று இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. டாக்டர் இங்கிலீஷில் சொல்வதைச் சூலுவில் சொல்வது எங்கள் வேலை. அவர் அரை வரியில் சொன்னதை நாங்கள் கால் வரியாக்கிவிட்டால் கட்டிலில் கிடக்கிற அம்மா எதைப் புரிந்துகொள்வாள்? என்னோடு வேலை செய்த மூத்த சூலு சிஸ்டர் ஒருவர் டாக்டரையே நிறுத்தி, "இருங்க, இவங்க இன்னும் கேட்டு முடிக்கல" என்பார். அவரிடம்தான் நான் தொழில் கற்றேன்.

டோங்காட் அண்ணன்:

மன்னிச்சுக்குங்க. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. என் தம்பியும் இப்படித்தான் போனான். அவனோடும் நல்லாத்தான் பேசினார்கள். அதே தெருவில் மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) இருக்கிற ஒருத்தர் வாரம் மூணு தடவை டயாலிசிஸ் பண்ணிக்கொண்டு இன்றைக்கும் கடைக்குப் போய்வருகிறார். காசு இருக்கிறவனுக்கு மெஷின், இல்லாதவனுக்கு அன்பான வார்த்தையா? அந்தப் பேச்சைப் பாராட்டிப் பாராட்டியே மெஷின் கேட்பதை மறந்துவிடுவோம் என்று பயமாக இருக்கிறது.

மதுரைக்காரன் (டாக்டர்):

அண்ணா சொல்வது சரி, அதை நான் எங்கேயும் சொல்வேன். ஆனால் நிறைய மெஷின் இருக்கிற ஊரிலும் இந்தப் பேச்சு இல்லை. 1984-ல் அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கல் என்ற இருவர் கணக்கெடுத்தார்கள்: நோயாளி தன் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்தால் சராசரியாக 18 நொடியில் டாக்டர் குறுக்கிட்டுவிடுகிறார். அங்கேயே 2018-ல் வந்த ஆய்வில், குறுக்கிட்டவர்களில் பாதிப் பேர் 11 நொடிக்குள். இதற்கு நேரமின்மை மட்டும் காரணமில்லை என்பது என் எண்ணம். கொடுக்க ஒன்றும் இல்லாதபோது நோயாளியின் முகத்தைப் பார்க்க எங்களுக்கே தைரியம் வருவதில்லை. வாசலில் நின்று ஃபைலைப் பார்த்துச் சொன்னவரும் அப்படித்தான் இருந்திருப்பார். அதைச் சொல்லிக்கொடுக்க எங்கள் படிப்பில் யாரும் இல்லை. நான் மதுரையிலிருந்து இங்கே வந்து, ஒரு மூத்த டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத்தான் பழகினேன்.

சமீபத்தில் வயசான ஓர் ஆயா நோயாளியாக வந்தார். புற்றுநோய், வலி அடங்கவே இல்லை. மருந்தை ஏற்றிக்கொண்டே போனோம். என்ன கவலை என்று தமிழில் கேட்டபோதுதான் சொன்னார்: மனநலம் குன்றிய மகனை யார் பார்ப்பார்கள்? சோஷியல் வொர்க்கரைக் கூப்பிட்டு அவருடைய தங்கையோடு பேசி ஏற்பாடு செய்தோம். அன்று ராத்திரி அதே மருந்தில் தூங்கினார். நவீன ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், வலி என்றால் உடம்பு, மனசு, குடும்பம், நம்பிக்கை எல்லாம் சேர்ந்தது என்று 1960-களிலேயே எழுதிவிட்டார். எனக்கு அது புரிய அந்த ஆயா வேண்டியிருந்தது.

சாட்ஸ்வர்த் மகள்:

டோங்காட் அண்ணா, உங்கள் கோபம்தான் எனக்கும். ஒன்று விட்டுப்போச்சு. அந்த டாக்டரம்மா கூடுதல் மெஷின் கேட்டு மாகாண சுகாதாரத் துறைக்கு எழுதிக்கொண்டிருந்தார். பெயர் போடாமல் அப்பாவின் நிலைமையை அதில் சேர்க்கலாமா என்று கேட்டார். அப்பா கண்ணாடியை வாங்கிப் போட்டு ஃபாரத்தை முழுக்க வாசித்துவிட்டு, "பேரையே போடுங்க" என்று கையெழுத்துப் போட்டார். இன்னும் பதில் வரவில்லை. டோங்காட்டில் இதற்காகக் கூட்டம் போட முடியுமென்றால் சொல்லுங்க, நானும் அண்ணனும் வருகிறோம்.