கைக்குழந்தையோட மலைக்குப் போனவங்க அனுபவம் சொல்லுங்க

முதல்ல நானே ஆரம்பிக்கிறேன். பாப்பாவுக்கு எட்டு மாசம். கொண்டை ஊசி வளைவுல வாந்தி எடுப்பாளோன்னு துண்டும் பையுமா தயாரா இருந்தேன். எடுத்தது என் வீட்டுக்காரர்! ரெண்டு வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைங்களுக்குப் பயண வாந்தி அவ்வளவா வராதாம்.

அவளுக்குத் தொல்லை காதுலதான். மேல ஏற ஏறக் காத்தழுத்தம் குறையும். நமக்குன்னா எச்சிலை விழுங்கினா அடைப்பு 'பட்'டுனு விட்டுடும். அவகிட்ட விழுங்குடின்னா கேப்பாளா? பால் குடுக்கிறதுதான் சுலபமான வழி. ஓடுற வண்டியில கார் சீட்டை விட்டுத் தூக்கிறதில்லைங்கிறதுல நான் கறார். அகலமான இடமாப் பார்த்து நிறுத்தி நிறுத்திக் குடுத்தோம். இறங்கும்போது காது இன்னும் மோசமா அடைக்கும். அதனால அவ பசி நேரத்தை ஒட்டியே கீழே கிளம்பினோம்.

ராத்திரி நல்ல குளிர். நாங்க தங்கின இடத்துல இருந்தவங்க, "குழந்தை இருக்கே, கரி அடுப்பு கொண்டு வந்து வைக்கட்டுமா"ன்னு அன்பாத்தான் கேட்டாங்க. வேண்டவே வேண்டாம்னுட்டேன். மூடின அறையில கரி எரிஞ்சா கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனையே கிடையாது, தூக்கத்துலயே ஆளை முடிச்சிடும். அடுப்பை அணைச்சு ஓரமா வெச்சாலும் கங்கு இருக்கிற வரைக்கும் வந்துட்டேதான் இருக்கும். மின்சார ஹீட்டர் கேட்டு வாங்கினோம். கம்பளியைக் குவிச்சுப் போர்த்தாம உடம்போட ஒட்டின உடுப்பா ரெண்டு அடுக்கு போட்டோம். கை சில்லுனு இருக்குன்னு பதறாதீங்க, பிடரியில கை வெச்சுப் பாருங்க. அங்க கதகதப்பா இருந்தா போதும், வேர்த்திருந்தா ஒரு அடுக்கைக் கழட்டிடுங்க.

*

நல்லா சொன்னீங்க. கார் சீட்டுல உட்கார வைக்கும்போது தடிமனான ஜாக்கெட்டைக் கழட்டிடணும், அதையும் சேர்த்துக்கோங்க. ஜாக்கெட்டுக்கு மேல பெல்ட் இறுக்கமாத்தான் தெரியும், மோதினா பஞ்சு அமுங்கிப் பெல்ட் தளர்ந்துடும். பெல்ட் போட்டுட்டு மேல போர்த்துங்க.

பால் பவுடர் குடுக்கிறவங்களுக்கு ஒண்ணு. 2000 மீட்டர்ல தண்ணி 93 டிகிரி பக்கமே கொதிச்சிடும். அங்க மூணு நிமிஷம் கொதிக்க விடுங்க. அப்புறம், கீழே இறுக்கி மூடின பாட்டிலை மேல போய்த் திறக்கும்போது முகத்தைத் தள்ளி வெச்சுக்கோங்க. என் சட்டை போச்சு.

*

வெயிலை யாருமே சொல்லலையே. குளிருதுன்னு தொப்பி இல்லாம வெளிய தூக்கிட்டுப் போறோம். ஆனா 1000 மீட்டருக்குப் பத்து சதவீதம்கிற கணக்குல புற ஊதாக் கதிர் கூடிட்டே போகும். ஆறு மாசத்துக்குள்ளன்னா கிரீம் பூசுறதை விட நிழல்லயே வெச்சிருக்கிறது நல்லது.

2500 மீட்டருக்கு மேல தங்கறதா இருந்தா கிளம்பறதுக்கு முன்னாடியே குழந்தை டாக்டரைக் கேட்டுடுங்க. அந்த உயரம் சிலருக்கு ஒத்துக்காம தலைவலி, வாந்தின்னு வரும். ஆனா தலை வலிக்குதுன்னு குழந்தை சொல்லாது. எங்க பையன் அங்க பாலைத் தொடலை, தூங்கலை, காரணமே இல்லாம சிணுங்கிட்டே இருந்தான், ஒரு வாந்தியும் எடுத்தான். புது இடம், அதான் அப்படின்னு மாமியார் சொன்னாங்க. இருக்கலாம். ஆனாலும் காலையில பார்த்துக்கலாம்னு நாங்க காத்திருக்கலை. அப்பவே இறங்கிட்டோம். பாதி வழியிலேயே பாலைக் குடிச்சிட்டுத் தூங்கிட்டான். ரூமுக்குக் கட்டின காசு திரும்பி வரலை, போனா போகுது.