கல்யாண வீட்டு வளவில் தீப்பந்தம்: இதுவும் கலையா?

கானாடுகாத்தான்காரன்: போன வாரம் பக்கத்து ஊரில் பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றில் கல்யாண வரவேற்பு. டிஜே பாட்டுக்குப் பையன்கள் வீட்டு நடுவில் இருக்கிற வளவு முற்றத்துக்குள்ளேயே சங்கிலிப் பந்தம் சுற்றினார்கள், ஒரே விசில். இதைக் கலை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. காரைக்குடி முத்துமாரியம்மனுக்குப் பூக்குழி இறங்குகிறவன் எத்தனை விரதம் இருந்து இறங்குகிறான்! அதுவும் நெருப்பு, இதுவும் நெருப்பா?

சிலம்பக்காரி: அண்ணே, பூக்குழி வேண்டுதல், அதை யார் கலை என்றது? சிலம்பத்தோடு ஒப்பிடுங்கள். கம்பின் இரண்டு முனையிலும் துணி சுற்றி மண்ணெண்ணெயில் நனைத்துக் கொளுத்தி, திருவிழாவில் சுற்றுவதே கூட்டம் பார்க்கத்தானே. நீங்கள் பார்த்த சங்கிலிப் பந்தம் 'போய்' (poi) என்கிற ஆட்டம், நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளுடையது, அவர்கள் ஆடியதில் நெருப்பே கிடையாது, அது பிற்பாடு மேடைக்காரர்கள் சேர்த்தது. பசிபிக் தீவுகளான சமோவாவின் கத்தி ஆட்டமும் அப்படித்தான், 1946-ல் லெதுலி என்பவர் சான்பிரான்சிஸ்கோவில் கத்தியில் தீ வைத்து ஆடியதிலிருந்துதான் அது தீக்கத்தி ஆனது. வேடிக்கைக்குச் சேர்த்ததுதான், இன்று அதற்கு உலகப் போட்டியே நடக்கிறது.

ஆத்தங்குடி அப்பச்சி: கலையா இல்லையா என்பதை நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். பந்தத்தில் எதை ஊற்றினார்கள், அதைச் சொல்லுங்கப்பா. பெட்ரோல் ஆவி மைனஸ் 40 டிகிரிக் குளிரிலேயே பற்றிக்கொள்ளும். மண்ணெண்ணெய் பற்ற 38 டிகிரிக்கு மேல் வேண்டும் (நம் ஊர்ச் சித்திரையில் அதையும் நம்பமுடியாது). ஊறிய பந்தத்தைக் கொளுத்துவதற்கு முன்னால் மிச்ச எண்ணெயை நன்றாக உதறிவிட வேண்டும், இல்லாவிட்டால் முதல் சுற்றிலேயே தீத்துளி முன்வரிசைப் பட்டுப்புடவை மேல் தெறிக்கும். ஆடுகிறவன் பருத்தித் துணிதான் போடணும், பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஈரச் சாக்கோடு ஒரு ஆள் பக்கத்திலேயே நிற்கணும்.

கானாடுகாத்தான்காரன்: ஈரச் சாக்கா? பக்கத்தில் தண்ணீர் பாட்டில்கூட இல்லை அப்பச்சி. ஒருத்தன் வாயில் மண்ணெண்ணெய் வைத்து ஊதினான் வேறே.

சிலம்பக்காரி: ஊதுவதை எங்கள் ஆசான் தொடவே விடமாட்டார். கொஞ்சம் உள்ளே இழுத்தாலும் நுரையீரலில் அழற்சி வந்துவிடும். அப்படி ஆடுகிறவர்களுக்காக நான் பேச வரவில்லை.

கானாடுகாத்தான்காரன்: அப்போ நான் சொன்னது சரிதானே?

சிலம்பக்காரி: எப்படி அண்ணே சரியாகும்? சாக்கு இல்லாதது ஏற்பாடு செய்தவர் தப்பு. பர்மாத் தேக்குத் தூணுக்கு நடுவில் ஆடச் சொன்னதும் அவர்தான். வெளியே பொட்டலில் இடம் கொடுத்து, டிஜேவுக்குக் கொடுப்பதில் பாதியாவது எங்களுக்குக் கொடுங்கள், அப்புறம் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுக் குறை சொல்லுங்கள்.

கானாடுகாத்தான்காரன்: பொட்டலில் என்றால் வந்து பார்க்கிறேன். டிஜே பாட்டு மட்டும் வேண்டாம், பறை வையுங்கள்.