ஆபரேஷன் மேசை வாங்கிய கால்நடை டாக்டர்கள் சொல்லுங்கள்

வாலாஜாவிலிருந்து

வாலாஜாவில் சின்னதாக ஒரு கிளினிக் ஆரம்பிக்கிறேன். நாய், பூனைதான் அதிகம் வரும். அக்கம்பக்கத்தில் ஆடு வளர்ப்பவர்கள் நிறைய பேர் இருப்பதால் ஆடும் வரும். மற்ற சாமான்களெல்லாம் ஓரளவு முடிவாகிவிட்டன, ஆபரேஷன் மேசைதான் இழுத்துக்கொண்டே போகிறது. கேட்லாக்கில் எல்லா மேசையும் ஒரே மாதிரி பளபளக்கிறது, விலைதான் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருக்கிறது. காலால் மிதிக்கும் ஹைட்ராலிக்கா, கரண்டில் ஏறி இறங்குவதா? தட்டையா, வி வடிவமா? மேசைக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவர்கள் பார்த்ததை எழுதுங்கள். விற்கிறவர்கள் சொல்வதை நிறையக் கேட்டாகிவிட்டது.

சத்துவாச்சாரியிலிருந்து

டாக்டர், முதலில் உயரத்தைப் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நான் ஐந்தடிக்குக் கொஞ்சம்தான் மேலே. முன்பு வேலை பார்த்த கிளினிக்கில் உயரம் மாற்ற முடியாத மேசைதான். பூனை வந்தால் பிரச்சினை இல்லை. லாப்ரடாரை மல்லாக்கப் படுக்க வைத்தால் வயிறு மேசையிலிருந்து அரை முழம் மேலே நிற்கும். கையைத் தூக்கி வைத்துக்கொண்டே கர்ப்பப்பையை எடுத்துக் கட்ட வேண்டும். சீழ் கோத்த கர்ப்பப்பை என்றால் மெதுவாகத்தான் வெளியே எடுக்க முடியும், அவசரப்பட்டால் கிழிந்துவிடும். முடிந்து கையுறையைக் கழற்றும்போது தோள்பட்டை கெட்டித்துப்போயிருக்கும். அங்கே இருந்த உயரமான டாக்டருக்கோ அதே மேசையில் பூனைக்குக் கருத்தடை செய்தால் இடுப்பு போய்விடும். கத்தி வைக்கிற இடம் நம் முழங்கை மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ இருக்க வேண்டும். மேசைப் பலகை எந்த உயரத்தில் இருக்கிறது என்பது முக்கியமில்லை, மிருகத்தின் வயிறு எங்கே வருகிறது என்பதுதான் கணக்கு. அதனால் கேட்லாக்கில் "அதிகபட்ச உயரம்" என்று பெரிதாகப் போட்டிருப்பதை விட்டுவிட்டு, எவ்வளவு கீழே இறங்கும் என்று கேளுங்கள். கேட்டால் பல பேருக்கு அது தெரியாது.

சொந்தக் கிளினிக்குக்கு ஹைட்ராலிக் எடுத்தேன். டீலர் பேர் வேண்டாம். ஷோரூமில் மிதித்துக் காட்டினபோது சரசரவென ஏறியது. இங்கே வந்த சில மாதத்தில் பாரம் ஏற்றினால் தானாக இறங்க ஆரம்பித்தது. பார்த்தால் தெரியாது, ஒரு பெரிய நாய்க்குத் தையல் போட்டு முடிப்பதற்குள் இரண்டு விரல் அளவு இறங்கியிருக்கும். உள்ளே சீல் தேய்ந்து எண்ணெய் கசிகிறது. ஆள் அனுப்புகிறோம் என்று சொல்லிச் சொல்லியே டீலர் காலம் கடத்தினார். கடைசியில் இங்கேயே ஜேசிபிக்கு ஹைட்ராலிக் வேலை பார்க்கும் ஒரு அண்ணன் சீலை மாற்றிக் கொடுத்தார், இன்றுவரை நிற்கிறது. நீங்கள் வாங்கும்போது இரண்டு சிமெண்ட் மூட்டையை மேலே வைத்து, உயரத்தை டேப்பில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். டீ சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி அளந்து பாருங்கள். இந்தச் சோதனைக்குச் சம்மதிக்காதவரிடம் வாங்காதீர்கள்.

கரண்ட் மேசையில் வேலை செய்யச் சுகம்தான், இரண்டு கையும் ஓய்வாக இருக்கும். ஆனால் மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்கக் கரண்ட் போகிற நாளில் அவசரமாகக் குட்டி எடுக்க வேண்டி வந்தால், மேசை எந்த உயரத்தில் நின்றதோ அதே உயரம்தான். இன்வெர்ட்டரில் ஓடுமா, கையால் இறக்க வழி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

குடியாத்தத்திலிருந்து

நான் டாக்டர் இல்லை சார். ஓட்டல் சமையல்கட்டு மேசை, தொட்டி செய்கிற எவர்சில்வர் பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு மூன்று கால்நடை டாக்டர்களுக்கு ஆபரேஷன் மேசையும் செய்து கொடுத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

எல்லோரும் காந்தத்தை வைத்துப் பார்க்கிறார்கள். ஒட்டவில்லை என்றால் நல்ல ஸ்டீல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எவர்சில்வரில் 202, 304 என்று ரகங்கள் உண்டு. 202-ம் ஒட்டாது, 304-ம் ஒட்டாது. இரண்டுக்கும் விலையில் நல்ல வித்தியாசம். 304-இல் நிக்கல் 8 சதவீதம் அளவுக்கு இருக்கும். 202-இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்திருப்பார்கள். சமையல்கட்டு அலமாரிக்கு 202 போதும். ரத்தமும் உப்புத்தண்ணியும் பிளீச்சிங்கும் தினமும் படுகிற இடத்துக்கு அது தாங்காது. ஊசி குத்தினாற்போலப் புள்ளி புள்ளியாக அரிக்கும், அந்தக் குழிக்குள் அழுக்கு போய் உட்கார்ந்தால் எவ்வளவு தேய்த்தாலும் வராது. கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஸ்டீல் கடைகளில் ஒரு சொட்டு மருந்தும் பேட்டரியும் வைத்திருப்பார்கள். சொட்டு விட்டு பேட்டரியை வைத்தால் 202 சிவந்துவிடும். அதை உங்கள் கண் முன்னால் செய்து காட்டச் சொல்லுங்கள். பில்லிலும் 304 என்று எழுதி வாங்குங்கள்.

தகடு 18 கேஜைவிட மெல்லியதாக இருக்கக் கூடாது, 16 என்றால் நல்லது. கேஜ் எண் குறையக் குறையத் தகடு தடிமனாகும். மெல்லிய தகடு பெரிய நாய் ஏறினதும் நடுவில் பள்ளம் விழும், அப்புறம் தண்ணீர் வடிகாலுக்குப் போகாமல் அங்கேயே நிற்கும். வெல்டிங்கை ஆர்கான் வாயு வைத்துச் செய்து, பஃபிங் போட்டு மழுங்கடித்திருக்க வேண்டும். ஓரங்களில் ஒரு பஞ்சை வைத்து இழுத்துப் பாருங்கள். நூல் சிக்கினால் கையுறையும் அங்கே கிழியும். மேலே ஸ்குரூ தலை எதுவும் தெரியக் கூடாது. ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றி, ஓட்டை வழியாக முழுக்க வடிகிறதா பாருங்கள். ஓட்டைக்கு நேர் கீழே வாளி மாட்டக் கொக்கி கேளுங்கள். நம் பக்கம் போர் தண்ணியில் உப்பு அதிகம். எந்த ஸ்டீல் போட்டாலும் பிளீச்சிங் தண்ணியில் துடைத்துவிட்டு அப்படியே காயவிட்டால் அரிப்புதான். நல்ல தண்ணியில் அலசித் துணியால் ஈரம் எடுத்துவிடுங்கள்.

அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து

நான் அரசு கால்நடை மருந்தகத்தில் இருக்கிறேன். எங்களிடம் வருவது பெரும்பாலும் மாடு. தை, மாசியில் எருது விடும் விழா காலத்தில் கொம்பு குத்தினது, கால் பிசகினது என்று வந்துகொண்டே இருக்கும். பெரிய மாட்டுக்கு மேசை தேடி அலைய வேண்டாம். பிளாஸ்டிக் தின்ற மாட்டுக்கு வயிற்றைத் திறப்பது டிராவிஸில் (மாட்டை நிறுத்திப் பிடிக்கும் கம்பிச் சட்டம்) நிற்க வைத்து, இடது விலாவில் மரத்துப்போக ஊசி போட்டு, நின்றபடியேதான். படுக்க வைத்தே ஆக வேண்டும் என்றால் கெட்டித் தரையில் கிடத்தாதீர்கள். வைக்கோலைத் தடிமனாகப் பரப்புங்கள். கீழே மாட்டுகிற முன்னங்காலை முன்பக்கமாக இழுத்து வையுங்கள். மாட்டின் பாரம் முழுக்க அந்தத் தோள் நரம்பை அழுத்தினால், எழுந்த பிறகு காலை ஊன்ற முடியாமல் போய்விடும். வயிறு நன்றாகத் தைத்த மாடு கால் நரம்பால் நொண்டுவதைப் பார்த்தால் மனசு கேட்காது.

ஆட்டுக்கு உங்கள் மேசை போதும். கே.வி.குப்பம் திங்கட்கிழமை சந்தையில் வாங்கிய சினை ஆட்டை, குட்டி குறுக்கே நிற்கிறது என்று நேராக மருந்தகத்துக்கு ஓட்டி வந்தவர்கள் உண்டு. ஆடு படுத்தால் வயிறு ஊதும், இரை தண்ணி மேலே வரும். கழுத்துக்கடியில் சுருட்டின துண்டை வைத்து, வாய் மட்டும் கீழ் நோக்கி இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். எச்சில் வெளியே வடிய வேண்டும், மூச்சுக்குழாய்க்குள் போகக் கூடாது. தலைப் பக்கம் தகடு நீட்டமாக, முட்டுக் கம்பி இல்லாமல் இருந்தால் இது சுலபம்.

காட்பாடியிலிருந்து

வி வடிவமா தட்டையா என்று கேட்டீர்களே, அது உங்களுக்கு வரும் நாயைப் பொறுத்தது. சிப்பிப்பாறை, கன்னி மாதிரி ஒடுங்கிய ஆழமான மார்புள்ள நாய் தட்டை மேசையில் மல்லாந்து நிற்காது, பக்கவாட்டில் சாய்ந்துகொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் மணல் பை வைத்துச் சமாளிக்கலாம். வி மேசை என்றால் அதுவாக நேராக நிற்கும். ஆனால் அதில் கால் எலும்பு வேலை, கண் வேலை செய்யக் கஷ்டம். இரண்டு இறக்கையும் தனித்தனியாகச் சாய்ந்து, வேண்டும்போது தட்டையாகிற மேசைதான் என் தேர்வு. நடுவில் வரும் கீல் இடுக்கைத் தினமும் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டியிருக்கும். அந்த வேலைக்குத் தயார் என்றால் மட்டும் எடுங்கள்.

தலைப் பக்கம் கீழே சாய்கிற வசதி இருக்கட்டும். குடல் முன்னால் சரிந்து சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை கண்ணுக்குத் தெரியும். அளவோடு சாயுங்கள். அதிகமானால் வயிற்றில் உள்ளதெல்லாம் உதரவிதானத்தை அழுத்தி மூச்சு திணறும். நிறைமாத நாய்க்கு இன்னொரு சங்கதி. நேர் மல்லாக்கப் போட்டால் கர்ப்பப்பை பாரம் பெரிய ரத்தக்குழாய் மேல் விழுந்து ரத்த அழுத்தம் இறங்கக்கூடும். ஒரு பக்கம் லேசாகச் சாய்த்து வையுங்கள்.

வேலூர் ஆஸ்பத்திரி ஊர் என்பதால் மனுஷர்களுக்குப் பயன்படுத்திய பழைய மேசைகள் கைமாற்றாகக் கிடைக்கும். நான் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். இரும்புக் கோட்டை மாதிரி உறுதி. எல்லாப் பக்கமும் சாயும். மெத்தை துண்டு துண்டாக இருப்பதுதான் தொல்லை, இடுக்கு வழியாக ரத்தமும் மூத்திரமும் உள்ளே இறங்கிவிடும். வடிகால் கிடையாது, காலைக் கட்டக் கொக்கியும் கிடையாது. குடியாத்தம் நண்பர் மாதிரி ஒருவரிடம் மேலே ஒரு தட்டு செய்து பொருத்திக்கொண்டேன், நன்றாக உழைக்கிறது.

ஆம்பூரிலிருந்து

கிளினிக்கில் உதவியாளராக இருக்கிறேன். நாயைத் தூக்கி வைப்பது நாங்கள்தான். மேசை முழங்கால் மட்டத்துக்கு இறங்கினால் ஜெர்மன் ஷெப்பர்டை இரண்டு பேர் சிரமமில்லாமல் ஏற்றலாம். அப்புறம், மயக்க ஊசி போடும்வரை தகட்டின் மேல் ஒரு ரப்பர் பாய் போட்டு வையுங்கள் டாக்டர். நகம் வழுக்கினால் நாய் மிரண்டுவிடும், ஊசிக்குப் பிடிப்பதே பெரும்பாடு. சக்கரம் வைத்த மேசை என்றால் நாலு சக்கரத்திலும் பிரேக் வேண்டும். இரண்டில் மட்டும் இருந்தால் சாய்ந்து நிற்கும்போது மேசை திரும்புகிறது.

வாலாஜாவிலிருந்து

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பட்டறை அண்ணனிடம் மேல்தட்டு பற்றித் தனியாகப் பேசுகிறேன். டீலர் ஒருவர் சூடாகும் மேசை என்று ஒன்று காட்டினார். நம் வெயிலுக்கு அது தேவையா?

சத்துவாச்சாரியிலிருந்து

வெளியே மே மாதம் 40 டிகிரி தாண்டுகிறது என்று ஏமாறாதீர்கள். உள்ளே ஏசி ஓடுகிறது, வயிற்று முடியைச் சிரைத்து ஸ்பிரிட் போட்டிருக்கிறோம், அடியில் வெறும் ஸ்டீல். மயக்கத்தில் இருக்கும் உடம்பு தானாகச் சூட்டைக் காத்துக்கொள்ளாது. பூனைக்குட்டிக்குச் சாதாரணமாக 101, 102 டிகிரி ஃபாரன்ஹீட் இருப்பது மளமளவென இறங்கும். மயக்கம் தெளியவும் நேரமாகும். சூடாகும் மேசை இருந்தால் நல்லதுதான், ஆனால் அது இல்லாமலும் நடக்கும். கழுவக்கூடிய தடித்த ஃபோம் பாய் ஒன்று, வெதுவெதுப்பான சலைன் பாட்டிலைத் துணியில் சுற்றி இரண்டு பக்கமும். மனுஷர்கள் ஒத்தடம் கொடுக்கும் கரண்ட் பேடை மட்டும் வைத்துவிடாதீர்கள். சுடுகிறது என்று மயக்கத்தில் கிடக்கும் மிருகத்துக்குச் சொல்லத் தெரியாது, நகரவும் முடியாது. முதுகுத் தோல் வெந்து சில நாள் கழித்து உரிந்து வந்ததை நான் பார்த்திருக்கிறேன், அந்தப் பொமரேனியனுக்குப் புண் ஆற வெகுநாள் ஆயிற்று.

ஆரணியிலிருந்து

ஓய்வு பெற்றவன். இளையவர்கள் இவ்வளவு அக்கறையாகப் பேசுவதைப் படிக்கச் சந்தோஷமாக இருக்கிறது. தம்பி, கால் கட்டும் கொக்கியைப் பற்றி யாரும் விவரமாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு பக்கமும் தண்டவாளம் மாதிரி நீளக் கம்பி இருந்து, கொக்கி அதில் நகர வேண்டும். ஒரே இடத்தில் பற்றவைத்த கொக்கி பெரிய நாய்க்குச் சரியாக இருந்தால் சின்ன நாயின் காலை இழுத்துப் பிடிக்கும். முன்னங்காலை விறைப்பாக இழுத்துக் கட்டினால் மார்பு விரிய இடமிருக்காது, மயக்கத்தில் மூச்சு ஏற்கெனவே மெதுவாகத்தான் ஓடும். கயிறு வேண்டாம், அகலமான பருத்தி நாடா போதும். ஒரே இழுப்பில் அவிழ்கிற சுருக்காகப் போடுங்கள், மூச்சு நின்றால் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது. கொக்கி நகரும்படி உங்கள் மேசையில் இல்லையென்றால், மேல்தட்டு செய்யும்போதே பட்டறையில் சொல்லிச் சேர்த்துவிடுங்கள்.