ஹார்மோனிக்ஸுக்குச் ‘சீரிசை’ பொருந்துமா?

கடலூர் முதுநகரிலிருந்து:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். வரும் திங்களன்று பாலிடெக்னிக் இறுதியாண்டு மாணவர்களுக்கு, மின்மயமான ரயில் பாதைகளின் மின்தரக் குறைபாடுகளைத் தமிழில் நடத்த வேண்டும். விழுப்புரம், கடலூர், மயிலாடுதுறைத் தடத்தில் ரயிலுக்கு மேலே ஓடும் 25 கிலோவோல்ட் ஒருமுனை மின்சாரத்துக்காக, துணைமின் நிலையம் மும்முனை வலையமைப்பின் இரண்டு முனைகளில் மட்டும் சுமையை ஏற்றுவதால், மின்னழுத்தம் முனைக்கு முனை வேறுபடுகிறது. இதைச் ‘சமனின்மை’ என்று எழுதிவிட்டேன். இடறுவது, அடிப்படை அதிர்வெண்ணின் முழுவெண் மடங்குகளாக வரும் அலைகளான ஹார்மோனிக்ஸ்தான். பழைய வகை இஞ்சின்களில் டயோடு, தைரிஸ்டர் என்னும் குறைகடத்திக் கருவிகள் மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும்போது, மின்னோட்டம் சைன் வடிவம் குலைந்து, 50 ஹெர்ட்ஸோடு 150, 250, 350 ஹெர்ட்ஸ் அலைகளையும் சுமந்துகொள்கிறது. மின்தேக்கிகள் சூடேறுகின்றன, மின்மாற்றிகளில் இழப்பு கூடுகிறது, பக்கத்துத் தொலைபேசிக் கம்பியில் இரைச்சல் கேட்கிறது. பாடநூல் வழக்கு இதைச் ‘சீரிசை’ என்கிறது. சீரைக் கெடுப்பதற்கே சீரிசை என்று பெயரா என்று சென்ற ஆண்டு ஒரு மாணவர் கேட்டார், என்னிடம் விடையில்லை.

புதுச்சேரியிலிருந்து:

ஐயா, அந்த மாணவர் கேட்டது முறையே. சிலப்பதிகாரத்து வேனிற்காதையில் மாதவி இணை, கிளை, பகை, நட்பு என்னும் நரம்புறவுகள் நான்கையும் நோக்கி யாழை இசைக்கிறாள். நின்ற நரம்புக்கு, அதாவது தொடங்கும் சுரத்துக்கு, மூன்றாவதும் ஆறாவதும் பகை என்பது உரைமரபு. ரயில் பாதையிலும் முதலில் தொல்லை தருவது மூன்றாம் மடங்கான 150 ஹெர்ட்ஸ்தானே? ஆதலால் ‘பகையலை’ என்று ஆளலாம். இசைத்தமிழில் இவ்வளவு இருக்க, ‘ஹார்மோனிக்ஸ்’ என்று எழுதுவதற்கு நாம் நாணவேண்டும்.

நெய்வேலியிலிருந்து:

புதுவை நண்பர் எண்ணுவது நரம்பின் வரிசையை. மின்னியல் எண்ணுவதோ அதிர்வெண்ணின் மடங்கை. ஒரு நரம்பின் நீளத்தை மூன்றிலொன்றாக்கி மீட்டினால் கேட்பது மேல் மண்டிலத்து (மேல் ஸ்தாயி) இளி, அதாவது ஐந்தாம் நரம்பு. முதல் நரம்பான குரலுக்கு இளி கிளையேயன்றிப் பகையன்று. ஐந்திலொன்றாக்கினால்தான் மூன்றாம் நரம்பான கைக்கிளையில் போய் நிற்கும். ஆகவே அவர் கணக்கை அவர் மரபிலேயே வைத்துப் பார்த்தால், ஒரே மின்னோட்டத்தில் 150 உறவாகவும் 250 பகையாகவும் ஆகிவிடும்! துணைமின் நிலையத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் ‘ஹார்மோனிக்ஸ் ஜாஸ்தியா இருக்கு, ஃபில்ட்டரைப் பாரு’ என்பதைத் தவிர வேறு பேச்சை நான் கேட்டதில்லை. தமிழ்ச்சொல் வேண்டுமென்றால் மடங்கு, அலை இரண்டையும் சேர்த்து ‘மடங்கலை’ என்னலாம். கேட்டவுடன் பொருள் விளங்கும்.

புதுச்சேரியிலிருந்து:

விளங்குவது சிங்கம்தான். மடங்கல் என்றால் சிங்கம். கூற்றுவனுக்கும் அது பெயர். ‘மடங்கலை வடிகட்டும் கருவி’ என்று தேர்வுத்தாளில் அச்சிட்டுப் பாருங்கள்.

காரைக்காலிலிருந்து:

சீரிசையை இவ்வளவு எளிதாகத் தள்ளவேண்டியதில்லை. சீர் என்பது யாப்பில் அளவாக அசைகள் கூடி நிற்கும் உறுப்பு. முழுவெண் மடங்காக மட்டுமே வரும் அலைக்கு அந்தப் பெயர் தகும். ‘தனிச்சீரிசை இயக்கம்’ என்று பிளஸ் ஒன் இயற்பியலில் படித்த மாணவருக்குப் புதிதாக ஒன்றைக் கற்பிப்பானேன்?

கடலூர் முதுநகரிலிருந்து:

நேற்றிரவு வரை வந்த மடல்களில் நால்வர் சீரிசைக்கும் இருவர் மடங்கலைக்கும் இசைந்துள்ளனர். தேர்வு வினாத்தாள் பாடநூலைத்தான் பின்பற்றும் என்பதால் சீரிசையையே தலைப்பில் வைக்கிறேன். விளக்கத்தில் ‘மடங்கு அலை’ என்று இடைவெளி விட்டு எழுதுவேன், சிங்கம் நுழையாது. புதிய மும்முனை மோட்டார் இஞ்சின்களின் மின்மாற்றுக் கருவிகள் கீழ்மடங்குகளைப் பெரிதும் குறைத்துவிடுவதையும், அவற்றின் சுவிட்ச் வேகத்தையொட்டி மேல்மடங்குகள் தோன்றுவதையும் அடுத்த வகுப்புக்கு ஒதுக்கியிருக்கிறேன். வாயால் சொல்லும்போது ஹார்மோனிக்ஸ் என்றுதான் வரும், பொறுத்தருள்க.

புதுச்சேரியிலிருந்து:

150 கிளை என்பதை ஒப்புகிறேன். 250 பகைதான், என் மாற்றுக் கருத்தை அவ்வாறே பதிந்துகொள்ள வேண்டுகிறேன்.