சாவு விழாத வீட்டுத் துக்கம்

பென்னாகரத்திலிருந்து

திரைப்படத்தில் வரும் ஒருவர் நம் வீட்டு மனிதரைப் புரியவைத்ததுண்டா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அது ‘மூன்றாம் பிறை’ சீனு.

மழை பொய்த்தால் எங்கள் பக்கத்து ஆண்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போவார்கள். அப்படிப் போன என் மாமா திரும்பவே இல்லை. இறந்ததாகவும் செய்தி இல்லை. அத்தை தாலியைக் கழற்றவில்லை. காரியம் நடக்காத வீடு என்பதால் துக்கம் விசாரிக்கவும் யாரும் வரவில்லை. 7 ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லாதவரை இறந்தவராகக் கருதச் சட்டத்தில் இடமுண்டு. நிலத்துக்காக அதையாவது செய்துவிடலாம் என்று பெரியவர்கள் பேச்செடுத்தபோது அத்தை எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். பிடிவாதக்காரி என்றது ஊர்.

ஒரு மதியம் தொலைக்காட்சியில் அந்தப் படம் ஓடியது. பாலு மகேந்திரா 1982இல் எடுத்தது. விபத்தில் நினைவு தவறிக் குழந்தையாகிவிட்ட விஜியைக் கேத்தியில் வைத்துக் காப்பாற்றுகிறான் சீனு. நினைவு திரும்பும்போது அவள் அவனை மறந்துபோகிறாள். ரயில் நிலையத்தில் அவளைச் சிரிக்கவைத்த பழைய குரங்கு விளையாட்டையெல்லாம் ஆடிக் காட்டுகிறான். அவள் கண்ணில் அவன் யாரோ. எல்லோரும் அழுதுகொண்டிருந்தோம். அத்தை மட்டும், “அவனாவது ரயில் போவதைப் பார்த்தான்” என்றார்.

அத்தனை ஆண்டுகளில் மாமாவைப் பற்றி அவர் வாய் திறந்து நான் கேட்டது அதுதான். வியட்நாம் போரில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களை ஆராய்ந்த பாலின் பாஸ் என்ற அமெரிக்க அறிஞர், முடிவு தெரியாத இழப்பைத் தனி வகையாகவே பிரித்துக் காட்டினார் என்று பிறகு படித்தேன். உடல் மறைந்து நினைப்பு மட்டும் வீட்டில் தங்குவது ஒன்று. ஆள் எதிரில் நிற்க, நம்மை அறிந்த மனம் போய்விடுவது இன்னொன்று. அந்தப் படத்தில் இரண்டும் இருக்கின்றன: மகளைத் தேடி அலையும் பெற்றோருக்கு முதலாவது, சீனுவுக்கு இரண்டாவது. அத்தையிடம் இருந்தது பிடிவாதம் அல்ல. முடிந்தது என்று சொல்ல அவருக்கு யாரும் எதையும் கொடுக்கவில்லை. இப்போது ஊருக்குப் போகும்போதெல்லாம் மாமாவைப் பற்றி நானே பேச்செடுக்கிறேன். அத்தை நிறையப் பேசுகிறார்.

கிருஷ்ணகிரியிலிருந்து

என் கதை வேறு. கல் குவாரி வேலையில் அண்ணனுக்கு வலது கையில் விரல்கள் போயின. அதன்பிறகு தங்கைக்கு வந்த வரன்கள் எல்லாவற்றிலும் குற்றம் கண்டுபிடித்தார். பொறாமை என்றே நாங்கள் நினைத்தோம். ‘முள்ளும் மலரும்’ (1978) காளி கையை இழந்த பிறகு தங்கை வள்ளியை இறுக்கிப் பிடித்துக்கொள்வதைப் பார்த்தபோதுதான் விளங்கியது: வேலையும் கையும் போனவனுக்கு, நான் தேவைப்படுகிற ஒரே ஆள் இவள் என்ற எண்ணம்தான் மிச்சம். கோபத்துக்குள் இருந்தது பயம். இயக்குநர் மகேந்திரன் காளியைத் திருத்தி நல்லவனாக்கி முடிக்கவில்லை; தங்கை விரும்பும் இன்ஜினீயரைப் பிடிக்காமலேதான் காளி அவளை அனுப்புகிறான். அந்த நேர்மைக்காகவே அந்தப் படத்தைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுவேன். எங்கள் அண்ணனும் மாப்பிள்ளையிடம் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால் வளைகாப்புக்கு வண்டி பேசி, முன்னால் நின்று எல்லாம் செய்தவர் அவர்தான்.

ஓசூரிலிருந்து

பென்னாகரத்தார் எழுதியதில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். சீனு விஜிக்குக் கணவனும் அல்ல, உறவினனும் அல்ல. அவளை என்னுடையவள் என்று சொல்ல அவனுக்கு உரிமையே இல்லை. ஊர் ஒப்புக்கொள்ளாத இப்படிப்பட்ட துக்கத்தைப் பற்றிக் கென்னத் டோகா என்ற அமெரிக்க அறிஞர் 1989இல் எழுதினார். நான் அதை எங்கள் தொழிற்சாலையில் நேரில் கண்டேன். என்னோடு வேலை பார்த்த பெண் ஒருத்தி விரும்பிய பையன் சாலை விபத்தில் இறந்துபோனான். இரு வீட்டாருக்கும் விஷயம் தெரியாது. சாவு வீட்டில் வேலை செய்யும் இடத்திலிருந்து வந்த கூட்டத்தோடு கூட்டமாக நின்றாள்; மாலை போட்டுவிட்டு எங்களோடு பஸ் ஏறினாள். வீட்டு ஆளை இழந்திருந்தால் யாரும் கேள்வி கேட்காமல் விடுப்பு தந்திருப்பார்கள். அவள் விடுப்புக் கடிதத்தில் வயிற்றுவலி என்று எழுதினாள். அப்படி எழுத வேண்டியிருந்ததே என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. உங்கள் பக்கத்திலும் இப்படி யாராவது இருந்தால், அவரிடம் போய் உட்காருங்கள். காரணம் கேட்க வேண்டாம்.